மீதிப் பணம் எங்கே?

கம்பெனிப் பங்கை விற்கிறீர்கள். கொஞ்சம் பணம் கையில் வருகிறது. மீதி, தவணையில்.

அந்தத் தவணை வராமலே போனால்?

லண்டனில் அப்படி ஒரு வழக்கு நடந்தது.

மக்டெசி என்பவர் லெபனான் நாட்டுக்காரர். மத்திய கிழக்கில் பெரிய விளம்பரக் கம்பெனிகளுக்குச் சொந்தக்காரர். 2008-ல் அவரும் கூட்டாளியும் பங்குகளில் ஒரு பகுதியை, கேவண்டிஷ் என்ற கம்பெனிக்கு விற்றார்கள்.

விலை, அதிகபட்சம் 14 கோடியே 75 லட்சம் டாலர்!

ஒரு நிபந்தனை

"விற்றவர் போட்டித் தொழில் செய்யக்கூடாது. செய்தால் பாக்கித் தவணை கிடையாது." இது ஒப்பந்தத்தின் சாரம்.

மக்டெசி நிபந்தனையை மீறினார். தவணை நின்றது. 4 கோடியே 40 லட்சம் டாலர் வரை நஷ்டம்!

வழக்கு மூண்டது.

முதல் கோர்ட்டில் மக்டெசி தோற்றார். 2013-ல் அப்பீல் கோர்ட்டில் ஜெயித்தார். அது தண்டனை போன்ற நிபந்தனை, செல்லாது என்றது அந்தக் கோர்ட்டு.

கடைசித் தீர்ப்பு

2015 நவம்பர் 4-ந் தேதி இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

வாங்கியவர் பெரிய விலை கொடுத்தது கம்பெனியின் நல்ல பெயருக்கு. விற்றவரே போட்டிக்கு வந்தால் அந்த மதிப்புக் குறையும். இரு தரப்பும் வக்கீல் வைத்துப் பேசி எழுதிய நிபந்தனை இது. ஆகவே செல்லும்!

மக்டெசி தோற்றார்.

கையெழுத்துப் போடுமுன் விலையை மட்டும் பார்க்காதீர்கள். மீதிப் பணம் எப்போது வரும், எதனால் நிற்கும்? அதையும் படியுங்கள்.