கையறுநிலையும் மனச்சோர்வும்

முன்னுரை

பிறந்தார் இறத்தல் உலகத்து இயற்கை. இதனை அறியாதார் இலர். ஆயினும் நெஞ்சுக்கு உரியவரை இழந்து நிற்கும் வேளையில் அவ்வறிவு கைகொடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர் தம் தந்தையை இழந்தார். மையத்து வீட்டிற்குச் சென்ற நாமும் ஏனையோரைப் போலவே, "நீ ஆண்பிள்ளை, அழக்கூடாது, சபூர் செய், உம்மாவைத் தேற்று" என்று கூறித் திரும்பினோம். அவரும் அழவில்லை. பத்தாம் நாள் வகுப்பிற்கு வந்தார். இரண்டு திங்கள் கழித்து வருவதையே நிறுத்திவிட்டார். இரவெல்லாம் உறக்கமின்றி விழித்திருந்ததும், நெஞ்சு படபடத்துத் தாமும் இறந்துவிடுவோமென அஞ்சியதும், எவரிடமும் பேசாது ஒடுங்கியதும் பின்னரே நமக்குத் தெரியவந்தன. நல்லெண்ணத்தோடு நாம் சொன்ன சொல்லே அவர் வாய்க்குப் பூட்டாக அமைந்ததோ என்னும் உறுத்தலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இழவும் அழுகையும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைத்தார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள் என்றார். இழவு நேர்ந்தவழி அழுகை தோன்றுதல் மாந்தர்க்கு இயல்பு. அது கோழைமையன்று என்பது இதனால் பெறப்படும். இறந்தாரை எண்ணி எஞ்சியோர் புலம்புவதற்குக் கையறுநிலை என்று பெயர் தந்து, அதனை இலக்கியத் துறையாகவே வகுத்தனர் நம் முன்னோர். செய்வது இன்னதென அறியாது செயலற்று நிற்கும் நிலை என்பது அப்பெயரின் பொருள். பாரியை இழந்த கபிலரும், அவன் மகளிரும், அதியமானை இழந்த ஔவையாரும் பாடிய இத்தகைய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. அரபு மொழியில் இவ்வகைப் பாடலை மர்ஸியா என்பர். உடன்பிறந்தாரை இழந்து கன்ஸா (ரலி) பாடியவை அவ்வகையில் பெரும்புகழ் பெற்றவை.

சமயமும் கண்ணீரைத் தடுக்கவில்லை. கி.பி. 619ஆம் ஆண்டளவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்புத் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்தார்கள். வரலாற்றாசிரியர் அவ்வாண்டைத் துயர ஆண்டு என்றே குறிப்பர். பிற்காலத்தில் பால்மணம் மாறாத மகன் இப்ராஹீம் மறைந்தபோது அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அருகிருந்த தோழர் வியந்து வினவ, அஃது இரக்கத்தின் வெளிப்பாடு என்று விளக்கினார்கள். மகன் யூசுபைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துயரால் வெளுத்தமையைத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஆதலின் சபூர் என்பது கண்ணீரை விழுங்குதல் அன்று. கன்னத்தில் அறைந்தும் ஆடையைக் கிழித்தும் ஓலமிடாமையும், இறைவிதியை வெறுத்துரையாமையுமே சபூர். அழுதவரைப் பொறுமையற்றவர் எனப் பழிப்பது தகாது.

துயரின் போக்கு

1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கேளிக்கை விடுதி ஒன்று தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அவ்விபத்தில் உற்றாரை இழந்தோரையும் ஏனைய துயருற்றோரையும் ஆராய்ந்த மருத்துவர் எரிக் லிண்டமன், 1944இல் தம் முடிவுகளை வெளியிட்டார். துயர் அலையலையாக வரும், ஓரலை இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை நீடிக்கும், தொண்டை அடைக்கும், பெருமூச்சு எழும், வயிறு வெறுமையாகத் தோன்றும், உடல் வலுவிழக்கும் என்று அவர் கண்டார். இறந்தவரின் குரல் காதில் விழுவதுபோலவும் அவர் வாயிலில் நிற்பது போலவும் தோன்றுதலும் பலர்க்கும் நேர்வதே. இவற்றைக் கண்டு, பித்துப் பிடித்துவிட்டதோ என அஞ்ச வேண்டுவதில்லை.

துயருற்ற உள்ளம் ஊசல் போன்றது என்பது 1999இல் ஸ்ட்ரோபே, ஷுட் என்னும் அறிஞர்கள் அளித்த விளக்கம். ஒரு பொழுது அஃது இழப்பை நோக்கிச் செல்லும்; மறுபொழுது வாழ்வின் புதிய கடமைகளை நோக்கித் திரும்பும். இவ்விரண்டும் மாறிமாறி நிகழ்தலே நலம். கபிலரிடம் இதனைக் காண்கிறோம். பறம்பை நோக்கி அவர் கலங்கினார்; அதே வேளையில் பாரி மகளிர்க்கு நல்வாழ்வு அமைக்கக் கருதி அரசரை நாடி நடந்தார்.

ஆயின் அவர் வரலாறு அம்மட்டில் முடியவில்லை. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தபின் கபிலர் வடக்கிருந்தார் என்று புறநானூற்றுக் கொளு தெரிவிக்கிறது. அன்றைய சமுதாயம் அதனை நட்பின் உயர்வாகப் போற்றியது. இன்று நாம் அதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் வேறு. கடமைகள் முடிந்த பின்னரே வெறுமை முழு வலிமையோடு தாக்கும். அடக்கம், வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஓடியாடிய மூத்த மகனை, "அவன் தேறிவிட்டான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். உறவினர் ஊர் திரும்பிய பின்னரே அவர்க்குத் துணை வேண்டும்.

நோய் புகும் இடம்

துயர் நோயன்று, ஆனால் துயரினூடே நோய் புகுதல் உண்டு. இப்பாகுபாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்தித்தவர், கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ. அன்புக்குரியோரை இழத்தல் போன்ற காரணம் அறியப்பட்ட துயரையும், காரணம் அறியப்படாது உடலைப் பற்றி எழும் துயரையும் அவர் வேறுபடுத்தினார். முன்னதற்குச் சொல்லும் சிந்தனையும், பின்னதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்றார். உள்ளத்திற்கும் மருத்துவம் உண்டு என்பது நமக்குப் புதிய கருத்தன்று.

இயல்பான துயரில், நினைவு வரும்போது நெஞ்சு வெதும்பும். பேரக்குழந்தை சிரித்தால் நாமும் சிரிப்போம். மனச்சோர்வில் அச்சிரிப்பும் வற்றிவிடும். இரண்டு வாரத்திற்கு மேலாக, நாளின் பெரும்பகுதி எதிலும் ஈடுபாடின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்னும் எண்ணம், வாழ்ந்து பயனில்லை என்னும் பேச்சு ஆகியன தோன்றின் அது மனச்சோர்வாகலாம். இரவில் தொலைபேசி ஒலித்தாலே நடுங்குதல், காரணமின்றி மூச்சுத் திணறல், வீட்டார் சற்றே தாமதித்தாலும் பதைத்தல் ஆகியவை நீடிப்பின் அது மனப்பதற்றமாகலாம். துயரே தணியாது நெடுங்காலம் வாழ்வை முடக்குவதும் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நல நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு திங்களுக்கு மேல் அவ்வாறு நீடிப்பதைத் தனி நோயாகவே ஏற்றுள்ளது.

செய்யத்தக்கன

துயருற்றோர் உணவையும் உறக்கத்தையும் வேளை தவறாது பேணுதல் வேண்டும். நாள்தோறும் சிறிது நடத்தலும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இறந்தவரைப் பற்றிப் பேசுதலும், தொழுகையும் துஆவும் மனத்திற்கு ஊன்றுகோலாகும். நோய்க்குறிகள் தோன்றின் மனநல மருத்துவரை நாடத் தயங்கலாகாது. பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் பயன் தருவன. மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமே நிறுத்துதல் கூடாது.

சுற்றத்தார்க்கும் கடமை உண்டு. போரில் ஜஃபர் (ரலி) உயிர்நீத்தபோது, அவர் வீட்டார்க்கு உணவு சமைத்தனுப்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயருற்றோர்க்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் சமைக்கச் செய்தமையும் நபிமொழி நூல்களில் உள்ளது. அறிவுரையினும் ஆறிய கஞ்சி மேலானது. இத்தா இருக்கும் பெண்மணிகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். நான்கு திங்கள் பத்து நாள் வீட்டிலிருத்தல் விதியாயினும், மருத்துவத் தேவைக்கு வெளிச்செல்லுதலை மார்க்க அறிஞர் அனுமதிக்கின்றனர். ஊரார் பேசுவர் என்றஞ்சி அவர்தம் நோயை மறைத்தல் தவறு.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவரிடமேனும் தென்படின், அதனை வெளிப்படையாகக் கேட்டறிதல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் வளரும் என்பது பிழையான கருத்து. அவரைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

முடிவுரை

நாம் மேற்கூறிய மாணவர், அவர் தாய்மாமனார் முயன்று அழைத்துச் சென்றமையால் மருத்துவம் பெற்றார். ஓராண்டு பிந்தித் தேர்வெழுதித் தேறினார். அவரை மீண்டும் கண்டபோது நாம் அறிவுரை கூறவில்லை. "உங்கள் வாப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் பேசினார், அழுதார், பின்னர்த் தேநீர் அருந்திவிட்டுச் சென்றார். முதல் நாளிலேயே நாம் அதனைக் கேட்டிருக்கலாம். கையற்று நிற்பவர்க்கு நாம் தரத்தக்கது நம் கையே என்பதை உணர்ந்து ஒழுகுவோமாக.