வானம் பார்க்கிற ஆட்கள்: கனகராயன்குளத்து இடிமுகில்கள் பற்றிச் சில குறிப்புகள்

வானிலையைச் சொல்வதற்கு வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது. செய்மதி இருக்கிறது. கைத்தொலைபேசியில் மணிக்கொரு தடவை மாறிக்கொண்டிருக்கும் எதிர்வுகூறலும் இருக்கிறது. பிறகு எதற்காக ஒரு மனிதன் பின்னேரம் மூன்று மணிக்குக் குளக்கட்டில் ஏறி நின்று மேகத்தைப் பார்க்க வேண்டும்? வன்னியில் நானும் என்னைப் போல் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னும் சிலரும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "வேற வேலை இல்லையா?" என்பது அதன் சுருக்கம்.

நான் வவுனியாவில் இருப்பவன். வியாபார அலுவலாக ஏ-9 வீதியால் மாங்குளம் வரை போய் வருவேன். இடையிலே புளியங்குளம் தாண்டினால் கனகராயன்குளம். வீதியின் இரு பக்கமும் காடும் வயலும் குளமுமான ஊர். இடிமுகில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காரணம் ஊரின் அழகு அல்ல, அது அமைந்திருக்கும் இடம்.

இரண்டு கடலுக்கு நடுவில்

படத்தை விரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கனகராயன்குளத்துக்குக் கிழக்கே முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கத்துக் கடல். மேற்கே விடத்தல்தீவுப் பக்கத்துக் கடல். இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம், நாற்பது ஐம்பது கிலோமீற்றர். சோளகமும் வாடையும் பலமாக வீசுகிற மாதங்களில் இந்த அமைப்பால் பெரிய வித்தியாசம் ஏற்படுவதில்லை. ஆனால் ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைக்காலம் இரண்டு உண்டு. மார்ச், ஏப்ரல் ஒன்று. ஒக்டோபர், நவம்பர் மற்றது. அந்த நாட்களில் காலையில் காற்றே இராது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று. இரண்டும் உள்நாட்டில் எங்கேயோ முட்டுகின்றன. முட்டிய காற்றுக்குப் போக வேறு வழி கிடையாது. மேலேதான் போக வேண்டும். கடலின் ஈரத்தையும் சுமந்துகொண்டு அது மேலே போகிறபோதுதான் இடிமுகில் பிறக்கிறது.

முதலில் பஞ்சுப்பொதி போன்ற சின்னத் திரள் முகில்கள் தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை கரைந்து போகும். ஏதோ ஒன்று மட்டும் பூக்கோவாப் பூவைப் போல விளிம்பு கூராக, மேலே மேலே வளரும். எங்கள் பிரதேசத்தில் ஐந்து கிலோமீற்றர் உயரத்துக்கு மேலே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதைத் தாண்டிய முகிலுக்குள் நீர்த்துளியும் பனித்துகளும் சிறு ஆலங்கட்டியும் கலந்து ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலில் மின்னேற்றம் பிரிகிறது. பாரமான துணிக்கைகள் எதிர் மின்னேற்றத்தோடு கீழ்ப்பாகத்திலும், இலேசான பனித்துகள்கள் நேர் மின்னேற்றத்தோடு மேற்பாகத்திலும் சேர்கின்றன. இடையிலுள்ள காற்றால் தாங்க முடியாத கட்டத்தில் மின்னல் பாய்கிறது. மின்னல் பாய்ந்த பாதையில் காற்று கண் மூடித் திறக்குமுன் ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸுக்குச் சூடாகி வெடித்து விரிகிற சத்தம்தான் இடி.

முகிலின் உச்சி பதினைந்து கிலோமீற்றர் அளவில் மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பரவும். தூரத்திலிருந்து பார்க்கக் கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல் போல இருக்கும். அந்தத் தட்டையான தலை தெரிந்துவிட்டால், முகில் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

1946, 1947ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் புளோரிடா, ஒஹையோ மாநிலங்களில் இடிமுகில்களுக்குள்ளே விமானங்களைச் செலுத்தி ஓர் ஆய்வு நடத்தினார்கள். சாதாரண இடிமுகிலொன்று வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு என்று மூன்று கட்டங்களை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துக்கொள்கிறது என்பது அதில் தெளிவானது. இந்த ஒரு மணித்தியாலக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ராடாருக்குத் தெரியாதது

ஓர் இடிமுகிலின் அகலம் பத்துக் கிலோமீற்றர் இருந்தால் அதிகம். வடமாகாணத்தில் திணைக்களத்தின் பிரதான அவதான நிலையங்கள் யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு போன்ற ஒரு சில இடங்களில்தான் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் நாலைந்து இடிமுகில்கள் பிறந்து, கொட்டி, செத்துப் போகலாம். எந்த நிலையத்திலும் ஒரு துளி பதிவாகாது. கனகராயன்குளத்தில் வயல் நிரம்ப மழை பெய்த அன்று வவுனியா நகரில் தூசி பறந்ததை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் டொப்ளர் ராடார் ஒன்று இயங்குகிறது. இங்குள்ள வானிலை ஆர்வலர்கள் பலரும் அதன் படத்தைப் பார்ப்பது வழக்கம். நானும் பார்ப்பேன். ஆனால் காரைக்காலிலிருந்து கனகராயன்குளம் இருநூறு கிலோமீற்றருக்கு மேலே. பூமி வளைந்திருப்பதால், நேராகப் போகும் ராடார் கதிர் இங்கே வந்து சேரும்போது தரையிலிருந்து நாலு கிலோமீற்றருக்கும் மேலே நிற்கும். முகிலின் தலையும் மார்பும் அதற்குத் தெரியும், காலடி தெரியாது. அடிமுகில் எந்த நிறம், காற்று எந்தப் பக்கம் திரும்பியது, மழைத்திரை எந்த வயலுக்கு மேலே நிற்கிறது என்பதெல்லாம் குளக்கட்டில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். கருவியோடு போட்டி போட அல்ல, கருவி விட்ட இடத்தை நிரப்பத்தான் நாங்கள் அங்கே ஏறி நிற்கிறோம்.

தொழில் வேறு, நாட்டம் வேறு

முகில்களுக்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர்களுக்கு அடித்தளம் இட்டவர் லூக் ஹோவார்ட். லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். 1802 டிசம்பரில் நண்பர்களின் அறிவியல் கழகமொன்றில் அவர் வாசித்த கட்டுரையில்தான் கீற்று முகில், திரள் முகில், படை முகில் என்ற பாகுபாடு வந்தது.

அவருக்கும் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே அந்தலூசியாவின் ஜையான் நகரில் இப்னு முஆத் அல்-ஜய்யானி என்றொரு காழி இருந்தார். கணிதத்தில் வல்லவர். பஜ்ருக்கு முன்னரும் மஃரிபுக்குப் பின்னரும் வானத்தில் தங்கும் வெளிச்சத்தை ஆராய்ந்து, அந்த ஒளியைத் தெறிக்கச் செய்யும் வளிமண்டலம் எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டார். ஏறத்தாழ ஐம்பத்திரண்டு மைல் என்பது அவர் கண்ட விடை. அந்த நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக வாசிக்கப்பட்டது. ஆனால் இப்னு அல்-ஹைதமின் பெயரில். 1967இல்தான் ஆய்வாளர் ஏ. ஐ. சப்ரா அது ஜய்யானியுடையது என்று நிறுவினார். வழக்குத் தீர்ப்பது அவர் தொழில். அந்தி வானம் அவர் நாட்டம்.

பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'மொன்சூன்' அரபியின் 'மவ்ஸிம்' என்ற சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போனது. காற்றின் காலத்தைக் கணித்து நம் கரைகளுக்கு வந்த மரக்கலக்காரர்கள் விட்டுச்சென்ற சொல் அது.

நம் காலத்துக்கு வருவோம். 2006இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ரெப்பிட்ஸ் நகரத்துக்கு மேலே, கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற ஒரு முகில் படமெடுக்கப்பட்டது. முகில் ரசிகர் சங்கத்தார் இது புது வகை என்று வாதாடினார்கள். 2017இல் உலக வானிலை அமைப்பு தன் சர்வதேச முகில் ஏட்டில் அதை 'அஸ்பெரிட்டாஸ்' என்ற பெயரில் ஏற்றது. சாதாரண மனிதர்கள் படமெடுத்து, திகதியும் இடமும் குறித்து வைத்ததால் நடந்த காரியம்.

தமிழ் பேசுவோர் மத்தியில் பிரதீப் ஜோன் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று எழுதுபவர். வானிலைத் துறை உத்தியோகத்தர் அல்லர். 2015 சென்னை வெள்ளமும் 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலும் அவர் எழுத்தை இலட்சக் கணக்கானோரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. இங்கே வடக்கில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதும் குறிப்புகளை மாரிகாலத்தில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் காத்திருந்து வாசிக்கிறார்கள். அவர் துறைசார்ந்த அறிஞர். எங்களைப் போன்ற ஆர்வலர் அல்லர். ஆனாலும் தன் மொழியில், தன் ஊர்ப் பெயரோடு ஒரு செய்தி வந்தால்தான் மனிதன் காது கொடுக்கிறான் என்பதற்கு இவர்கள் இருவருமே சான்று.

விதைப்பும் மின்னலும் ஒரே மாதத்தில்

இனி, இது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வதற்கான காரணம்.

வன்னியில் காலபோக விதைப்பு நடப்பது ஒக்டோபர், நவம்பரில். இடிமுகில் அதிகம் திரள்வதும் அதே மாதங்களில்தான். அதாவது, ஆட்கள் திறந்த வயலில் ஈர மண்ணில் காலை வைத்து, கையில் மண்வெட்டியோடு நிற்கிற காலமும் மின்னலின் காலமும் ஒன்று. யானைக் காவலுக்கு மரத்தில் கட்டிய பரணில் இரவு படுப்பவரைச் சொல்லவே வேண்டாம். சுற்றிலும் உயர்ந்தது அவர் இருக்கும் மரம்தான்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும். முப்பதுக்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது. அடுத்த மின்னல் உங்கள் வயலிலும் விழலாம். உடனே கல்வீட்டுக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். தனிமரம், ஓலைக் கொட்டில், திறந்த உழவு இயந்திரம் எதுவும் பாதுகாப்பல்ல. முள்ளுக்கம்பி வேலிக்குக் கிட்டப் போகக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம். எங்கட உம்மம்மா மின்னல் வெட்டினால் நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொல்லுவா. கண்ணாடி மின்னலை இழுக்காது. ஆனால் அந்தச் சாட்டில் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குள்ளே இருந்தோம், அது நல்லதுதான்.

இதையெல்லாம் கனகராயன்குளத்தில் ஒரு வயதான கமக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, நீங்கள் சொல்லுறது சரிதான். இடி முழங்குது எண்டு நாளாந்தம் வேலையை விட்டிட்டு ஓடினா விதைப்பை ஆர் முடிக்கிறது? கூலிக்கு வந்த ஆள் ஓடினா ஆர் காசு குடுக்கிறது?"

"ஐயா, முழு நாளும் ஓடச் சொல்லேல்லை. எந்த முகிலுக்கு ஓட வேணும் எண்டுதான் சொல்லுறன்" என்றேன்.

அவர் கேள்வி நியாயமானது. பயம் காட்டுகிற ஆலோசனை வயிற்றுப்பாட்டுக்கு முன் நிற்காது. இங்கேதான் நான் முன்னே சொன்ன ஒரு மணித்தியாலக் கணக்கு உதவுகிறது. இடைக்காலத்து இடிமுகில் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் திரளும். திறந்த வெளியின் நடுவே செய்யும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். பின்னேரம் ஊரில் ஒருவர் குளக்கட்டில் நின்று, பூக்கோவா விளிம்பு எந்தத் திசையில் வளர்கிறது, தலை எப்போது தட்டையாகிறது என்று பார்த்துச் சொன்னால், கைவிட வேண்டியது ஒரு நாள் வேலை அல்ல. ஒன்று, ஒன்றரை மணித்தியாலம்தான். சும்மா கறுத்து நிற்கிற எல்லா மேகத்துக்கும் ஓடவும் தேவையில்லை. இரவில் கிழக்கே சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தால், அது அநேகமாக முல்லைத்தீவுக்கு அப்பால் கடலின் மேல் நிற்கிற முகில். இடியோசை பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் பொதுவாகக் கேட்காது. வெளிச்சம் நூறு கிலோமீற்றரும் தாண்டித் தெரியும்.

மழைக் கணக்குக்கும் பெறுமதி உண்டு. இந்தப் பக்கத்தில் விழுகிற நீர் கனகராயன் ஆற்றால் வடக்கே ஓடி இரணைமடுவில் சேர்கிறது. 2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். மேலே எவ்வளவு பெய்தது என்பது கீழே இருப்பவரின் கேள்வி. ஒரு ஏக்கரில் 25 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர். அளப்பதற்கு நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரமும் ஓர் அடிமட்டமும் போதும்.

எழுதுங்கள், பரப்பாதீர்கள்

ஆர்வலர் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு ஒரு அமானிதம் உண்டு. இடிமுகிலின் அடியில் மடி மடியாகத் தொங்கும் முகிலோ, மழைக்கு முன்னே தட்டுப் போல உருண்டு வரும் கரும்பட்டையோ காணும்போது கை தானாகக் கைத்தொலைபேசிக்குப் போகும். படமெடுக்கலாம். ஆனால் திகதி, நேரம், இடம், திசை இல்லாத படம் வதந்திக்குத்தான் தீனி. எங்கேயோ எடுத்த பழைய முகில் படம் "இப்போ வவுனியாவில்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய நாட்களும் உண்டு. கண்டதைச் சொல்வது வேறு, வரப்போவதைச் சொல்வது வேறு. புயல் எச்சரிக்கை விடுவது திணைக்களத்தின் பொறுப்பு. அதிகாரபூர்வ அறிவிப்பை அங்கேயே பாருங்கள் என்றுதான் பிரதீப் ஜோனும் எழுதுகிறார். இங்கே அவசரத் தகவலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது.

இந்தச் சஞ்சிகையை வாசிப்போரில் ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். வருகிற ஒக்டோபரில் உங்கள் பாடசாலையில் ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். ஐந்து நிரல் போதும்: திகதி, முதல் இடி கேட்ட நேரம், திசை, மழை எத்தனை மில்லிமீற்றர், முகில் எப்படி இருந்தது. பிள்ளைகள் முறை வைத்து எழுதட்டும். இரண்டு மாரி கழிந்தால், உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு வயலை விட்டு ஏற வேண்டும் என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.