வரலாறு பட்டப்படிப்பு: கல்லூரித் தேர்வும் வேலைவாய்ப்பும்

பி.ஏ. வரலாறு என்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பயிலும் மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்பு ஆகும். தமிழ்நாட்டில் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் இப்படிப்பு உள்ளது. பொதுவாக, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். அதனாலேயே, "வேறு இடம் கிடைக்காதவர் சேரும் படிப்பு" என்ற எண்ணம் பெற்றோரிடம் உண்டு. திட்டமிட்டுப் படிப்பவருக்கு இது பல வழிகளைத் திறக்கும். விசாரிக்காமல் சேர்பவருக்குச் சில வழிகள் முதல் நாளிலேயே அடைபட்டுவிடும்.

கல்லூரியில் பார்க்க வேண்டியவை

சென்னை மாநிலக் கல்லூரி (1840), தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி (1837), மகளிருக்கான இராணி மேரி கல்லூரி (1914), கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி (1854), மதுரை அமெரிக்கன் கல்லூரி (1881) ஆகியவை பழமையான கல்லூரிகள். பழமை மட்டும் போதாது. கீழ்க்கண்டவற்றையும் கேட்டறிய வேண்டும்.

1. துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்?
2. அதே கல்லூரியில் எம்.ஏ. வரலாறு உண்டா?
3. நூலகத்தில் பாடநூல்களுக்கு அப்பால் ஆய்வு நூல்கள் உள்ளனவா?
4. மாணவரைக் களப்பயணம் அழைத்துச் செல்கிறார்களா?

ஊரும் ஒரு பாடசாலைதான். சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம், 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், கன்னிமாரா நூலகம் ஆகியவை உள்ளன. தஞ்சையில் சரசுவதி மகால் நூலகமும் பெரிய கோயில் கல்வெட்டுகளும் உள்ளன. மதுரையிலிருந்து கீழடிக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம். மூலச் சான்றைக் கண்ணால் பார்த்துப் படித்த மாணவருக்கும் கைடு மட்டும் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு, பிற்காலத்தில் நேர்காணலில் தெரியும்.

பட்டத்தின் பெயர்

பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். சில கல்லூரிகள் சுற்றுலா, தொல்லியல் முதலியவற்றை இணைத்து வேறு பெயரில் பட்டம் வழங்குகின்றன. பாடங்கள் பெரும்பாலும் வரலாறாகவே இருக்கலாம். ஆனால் ஆசிரியர் பணிக்கு, அப்பட்டம் பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பும் பி.எட். செலவும் முடிந்து, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் "இப்பட்டம் ஏற்கப்படவில்லை" என்று தெரியவந்தால் அந்த ஆண்டுகள் திரும்ப வாரா. ஆகவே, சேரும் முன்பே இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கல்லூரியில் கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அதுபோலவே, முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். அஞ்சல்வழி பயில்வோர், தாம் சேரும் ஆண்டில் அப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

பயிற்றுமொழி

தமிழ்வழியில் படித்தவருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பட்டத்தை மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியையும் தமிழ்வழியில் முடித்திருக்க வேண்டும். எனவே பள்ளியில் தமிழ்வழி பயின்றவர், கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறினால் எதை இழக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்வழியில் சேர்ந்தாலும் ஆங்கில நூல்களைப் படிக்கும் பழக்கம் தேவை. ஆய்வு நூல்கள் பலவும் அம்மொழியிலேயே உள்ளன.

பட்டத்திற்குப் பின்

ஆசிரியப் பணி: பி.ஏ.வுடன் ஈராண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறியவர், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான போட்டித் தேர்வை எழுதலாம். எம்.ஏ., பி.எட். முடித்தவர் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக, முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (பட்டியல் இனத்தவர் முதலியோருக்குத் தளர்வு உண்டு), நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவை.

போட்டித் தேர்வுகள்: குடிமைப் பணித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆனால் இந்திய வரலாறு, பண்பாடு, விடுதலைப் போராட்டம் ஆகியவை இவற்றின் பாடத்திட்டத்திலேயே உள்ளன. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தால், அதற்கு மட்டும் 500 மதிப்பெண் உண்டு.

தொல்லியல், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம்: பி.ஏ. மட்டும் இங்கே போதாது. முதுகலையும் தொல்லியல் அல்லது கல்வெட்டியல் பயிற்சியும் வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் (1981) கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை உள்ளது. பணியிடங்கள் குறைவு; ஆர்வம் உள்ளவரே இத்துறையை நாட வேண்டும்.

பிற வழிகள்: மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, இதழியல், நூலக அறிவியல், சுற்றுலா ஆகியவற்றிலும் மேற்படிப்பைத் தொடரலாம்.

முடிவாக

பி.ஏ. வரலாறு தானாக வேலை வாங்கித் தரும் பட்டம் அன்று. அதனுடன் பி.எட்., எம்.ஏ., போட்டித் தேர்வு, பயிற்சி என ஏதேனும் ஒன்று சேர வேண்டும். எது சேரப் போகிறது என்பதை முதலாண்டிலேயே முடிவு செய்தால், மூன்று ஆண்டுகளும் அதற்கான ஆயத்தமாக அமையும்.