பாசியில் எண்ணெய் உண்டு, சிக்கல் தண்ணீரில்

2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகளில் தொழிலுக்குப் போகும் முல்லைத்தீவு மீனவர்களுக்கு அது பேரிடி. குளத்துப் பாசியிலேயே எரிபொருள் எடுக்கலாமே என்ற பேச்சு இப்படியான காலங்களில்தான் எழும்.

எடுக்கலாம். ஆனால் நூல்நூலாய் மிதக்கும் பாசியில் அல்ல, தண்ணீரையே பச்சையாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியில். சில இனங்களின் உலர் எடையில் கால்பங்கு எண்ணெய்.

திறந்த தொட்டியில் ஒரு லீற்றர் நீருக்கு ஏறத்தாழ அரைக் கிராம் நுண்பாசிதான் தேறும். வீட்டு முற்றத்து ஆயிரம் லீற்றர் தாங்கி நிறையப் பச்சைத் தண்ணீர் இருந்தாலும் கிடைப்பது சுமார் 125 கிராம் எண்ணெய். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு அப்படி ஏழு தாங்கிகள் வேண்டும்.

வடித்துப் பிழிந்தாலும் கையில் மிஞ்சும் களியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே. ஒரு கிலோ உலர்பாசி பெற நான்கு கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதற்குப் பத்து மெகாயூல் வெப்பம் போகும். அதிலிருந்து வரும் கால் கிலோ எண்ணெயை எரித்தால் கிடைப்பதோ ஒன்பது மெகாயூல்! வன்னியில்தான் வெயிலுக்குக் குறைவில்லையே என்பீர்கள். கொப்பரா போல இது காயாது. மெல்லிசாகப் பரப்பப் பெரிய களம் வேண்டும், தடித்துக் கிடந்தால் அழுகிவிடும்.

ஆகவே காயவைக்காமலே எடுக்க முயல்கிறார்கள். கொப்பராவைச் செக்கிலிடாமல் தேங்காய்ப்பாலிலிருந்தே எண்ணெய் எடுப்பதில்லையா, அந்த மாதிரி. அமெரிக்காவின் பசுபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம் 2013இல் அறிவித்த முறையில், ஈரக்களி 350 பாகை செல்சியஸில், 200 வளிமண்டல அளவு அழுத்தத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் மசகு எண்ணெயாகிறது. அந்த அழுத்தத்தில் நீர் ஆவியாகாது. ஆவியாக்கும் செலவு மிச்சம். வெளியேறும் களியின் சூட்டை உள்ளே வரும் களிக்கு மாற்றலாம். ஜப்பானில் ஹிதெக்கி கண்டா, திரவமாக்கிய டைமீதைல் ஈதரால் ஈரப்பாசியிலிருந்து எண்ணெயைக் கரைத்தெடுத்தார். அழுத்தத்தைத் தளர்த்தினால் ஈதர் தானாகவே வாயுவாகிப் பிரிந்துவிடும். எனக்கு இதுவே அழகான வழியாகப் படுகிறது. ஆனால் அந்த வாயுவைச் சிந்தாமல் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கணக்கு நேராகும்.

2009இல் நுண்பாசி எரிபொருளில் இறங்கிய எக்ஸொன்மொபிலே பதினைந்து ஆண்டு நிறையுமுன் கைவிட்டது. அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இருக்கின்றன. அங்கே தொடங்குவதானால் புழுங்கல் அரிசி ஆலைகளின் கழிவுநீரில் தொடங்கலாம். நெல் ஊறிய நீரைப் பாசி சுத்திகரித்துத் தந்தால் அதுவே வரவு. எண்ணெய் அதற்குமேல் கிடைப்பது.