தண்ணீர் வரலையா? கவுன்சிலரின் கணவருக்கு அல்ல, கவுன்சிலருக்கே போன் போடுங்க!

வியாழக்கிழமை என்றால் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர், ஆட்டுச்சந்தையால் களைகட்டும். மற்ற நாள்களில் இந்தப் பேரூராட்சியின் கவலை, எல்லா ஊருக்கும் உள்ளதுதான்: குடிநீர், தெருவிளக்கு, குப்பை. தண்ணீர் வராத நாளில் குடத்தோடு அலைவது பெரும்பாலும் பெண்கள்தான். குழாய் எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டாமா?

2015-ல் ஐ.நா.வில் உலக நாடுகள் ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளில் ஐந்தாவது, இதைத்தான் வலியுறுத்துகிறது. 2030-க்குள் பாலினச் சமத்துவம். முடிவெடுக்கும் எல்லா மட்டத்திலும் பெண்களுக்கு முழுப் பங்கு. நாடாளுமன்றம் மட்டுமல்ல, உள்ளாட்சி இடங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களுக்கான இட ஒதுக்கீடு, 2016-ல் 50 சதவிகிதமானது. 2022 பிப்ரவரியில் பேரூராட்சித் தேர்தல் நடந்ததும் அதன்படிதான். ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்திலோ, 2021-ல் தேர்வான 234 பேரில் பெண்கள் 12 பேர் மட்டுமே!

நாற்காலி கிடைத்தால் போதுமா? கையெழுத்து மனைவியுடையது, பேச்சு கணவருடையது என்ற நிலை பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. இதை மாற்றச் சட்டம் மட்டும் போதாது. ஓட்டுப் போட்டவர்களும் மாற வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலர் பெண்ணா? அடுத்த முறை குழாயில் தண்ணீர் வராவிட்டால், அவரிடமே கேளுங்கள். பதில் சொல்லும் பொறுப்பும் உரிமையும் அவருடையது!