வழி தெரிந்த விண்ணப்பம்

விராலிமலையில் உள்ள ஓர் இ-சேவை மையத்தில் மூன்று பேர் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அடுத்தவர் பட்டியல் சாதி, மூன்றாமவர் பழங்குடி. மூவரும் கேட்பது ரெவ்-101 என்ற ஒரே எண் கொண்ட சேவையைத்தான். ஆனால் சான்றிதழில் கையொப்பமிடுபவர் மூவருக்கும் ஒருவரல்லர். முதலாமவருக்குத் துணை வட்டாட்சியர், இரண்டாமவருக்கு வட்டாட்சியர், மூன்றாமவருக்கு இலுப்பூரில் இருக்கும் கோட்டாட்சியர். மையத்தில் தட்டச்சு செய்பவர் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பம் தனக்குரிய மேசையைத் தேடிப் போய்விடுகிறது.

அதற்கு வழி சொன்னது யார்? சாதிச் சான்றிதழுக்கு ஒரு மென்பொருள், வருமானச் சான்றிதழுக்கு வேறொன்று, முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக எழுதியிருந்தால் எழுதி மாளாது. விராலிமலை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 12 வட்டங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். இந்தச் சிக்கலுக்கு மென்பொருள் உலகம் கண்ட விடைதான் போர்ட்டல் தளம்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை, சமையற்கூடம், ஜெனரேட்டர், பந்திக்கூடம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. யாருக்குக் கல்யாணம், என்ன சடங்கு, என்ன சாப்பாடு என்பதை மட்டும் வீட்டார் முடிவு செய்கிறார்கள். போர்ட்டல் தளத்திலும் உள்நுழைவு, கடவுச்சொல், படிவம், கோப்பு நகர்வு, குறுஞ்செய்தி, பதிவேடு ஆகியவை ஆயத்தமாக உள்ளன. புதிதாக ஒரு சேவையைத் தொடங்குபவர் அதற்கே உரியதை மட்டும் சேர்த்தால் போதும்.

இந்த எண்ணம் 1990களில் முளைத்தது. 1996-இல் வந்த 'மை யாகூ', வானிலை, செய்தி, பங்குச்சந்தை என்று வேண்டியதைத் தேர்ந்து ஒரே பக்கத்தில் அடுக்கிக்கொள்ள வழி செய்தது. பெருநிறுவனங்களும் அதே வசதியைத் தங்கள் ஊழியர்களுக்குக் கேட்டன. 2000-இல் லைஃப்ரே, 2001-இல் மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட் என்று தளங்கள் வந்தன. பக்கத்தில் பொருத்தும் சிறு செயலித் துண்டுக்கு ஜாவா உலகம் 'போர்ட்லெட்' என்று பெயரிட்டு, 2003-இல் அதற்குப் பொது விதியும் வகுத்தது. ஒருவர் எழுதிய துண்டை வேறொரு நிறுவனத்தின் தளத்திலும் பொருத்தலாம் என்பதே அந்த விதியின் நோக்கம்.

அடுத்த பாய்ச்சல் இன்னும் சுவையானது. படிவத்தையே நிரலாக எழுதாமல், விவரக் குறிப்பாக எழுதிவைக்கும் முறை வந்தது. 'ஆண்டு வருமானம்: எண் மட்டும், கட்டாயம் நிரப்ப வேண்டும்' என்பது அட்டவணையில் ஒரு வரி. தளம் அந்த வரியைப் படித்து, திரையில் பெட்டியை வரைந்து, தவறாக நிரப்பினால் தடுக்கிறது. புதிய கேள்வி சேர்க்க வேண்டுமா? நிரலைத் தொடாமல் அட்டவணையில் ஒரு வரி கூட்டினால் போதும். 1976-இல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் இந்த முறையில்தான் 'சர்வீஸ்பிளஸ்' தளத்தை உருவாக்கியது. அசாம், பீகார், ஹரியானா மாநிலங்களில் பல அரசுச் சேவைகள் அதன்மீது ஓடுகின்றன.

கோப்பு நகர்வும் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஒரு விண்ணப்பம் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும்: கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) பார்வையில், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பார்வையில், திருப்பி அனுப்பப்பட்டது, ஒப்புதலானது. ஒரு நிலையிலிருந்து எந்தெந்த நிலைக்குப் போகலாம், யார் நகர்த்தலாம் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். வி.ஏ.ஓ. பரிந்துரைக்கலாம், ஒப்புதல் தரும் பொத்தான் அவர் திரையில் வராது. விராலிமலை மூவரின் பாதையும் இத்தகைய கிளை விதிகளால் பிரிகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விதியில் எழுதப்படுவது அலுவலரின் பெயர் அன்று, அவருடைய பதவி. அறந்தாங்கி வட்டாட்சியர் இடமாற்றத்தில் போனாலும் நிலுவை விண்ணப்பங்கள் அவர் பின்னால் போவதில்லை; நாற்காலியில் அடுத்து அமர்பவருக்காகக் காத்திருக்கின்றன. ஊரின் நிலையும் அப்படியே. 2024-இல் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சியானது. நன்றாகக் கட்டிய தளத்தில் அத்தகைய மாற்றம் அட்டவணைத் திருத்தத்தோடு முடியும். மோசமாகக் கட்டிய ஒன்றில் நூறு இடங்களில் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

மாவட்ட இணையதளங்களைப் பார்த்தாலும் இந்தப் பொதுமை தெரியும். புதுக்கோட்டையின் தளத்தையும் நீலகிரியின் தளத்தையும் அடுத்தடுத்துத் திறந்தால் உடன்பிறந்தவர்கள் போலிருக்கும். இரண்டும் தேசிய தகவலியல் மையத்தின் 'எஸ்3வாஸ்' என்ற ஒரே தளத்தின் பிள்ளைகள். ஒன்றில் சித்தன்னவாசல், மற்றொன்றில் மலை ரயில். அடியில் இருக்கும் இயந்திரம் ஒன்று.

பொதுத் தளத்தின் அருமை தமிழ் எழுத்தில் நன்றாக விளங்கும். 'புதுக்கோட்டை' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். யூனிகோடில் அது 12 குறிகள்; வழக்கமான யுடிஎஃப்-8 சேமிப்பில் 36 பைட்டுகள். சிக்கல் அதோடு நிற்பதில்லை. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், உடைத்து ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எண்களாகப் பார்க்கும் கணினிக்கு அவை வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் தேடினால், பதிவேட்டில் இருக்கும் ஊரே 'இல்லை' என்று பதில் வரும். இந்த ஒழுங்கைத் தளத்தின் அடித்தளத்தில் ஒருமுறை செய்துவிட்டால், மேலே கட்டப்படும் எல்லாச் சேவைகளுக்கும் அது கிடைக்கிறது.

பொதுவில் ஆபத்தும் உண்டு. ஓட்டை ஒன்று இருந்தால் எல்லா வீட்டிலும் ஒழுகும். சர்வர் படுத்தால் மணமேல்குடி முதல் பொன்னமராவதி வரை எல்லா மையங்களிலும் வரிசை நிற்கும். அடைப்பதும் ஒரே இடத்தில் அடைத்தால் போதும் என்பது மறுபக்கம். இன்னோர் ஆபத்து, 'எங்களுக்கு மட்டும் கொஞ்சம் மாற்றித் தாருங்கள்' என்ற வேண்டுகோள். துறைக்கொன்றாகத் தளத்தின் உட்புறத்தையே வெட்டி ஒட்டினால், அடுத்த பதிப்பு வரும்போது எதுவும் பொருந்தாது. அதனால்தான் தேர்ந்த கட்டுநர்கள் தளத்தின் அடிநிரலைத் தொடுவதில்லை. தங்கள் மாற்றங்களை அதற்கென விட்டிருக்கும் இடங்களிலேயே செய்கிறார்கள்.

நிரல் எழுதும் உழைப்பு இப்படிக் குறையக் குறைய, விதியைத் தெளிவாகச் சொல்லும் உழைப்பு முன்னுக்கு வருகிறது. எந்தச் சான்றிதழை யார் தரலாம், எந்த ஆவணம் போதும், எப்போது நிராகரிக்கலாம் என்று ஐயமின்றிச் சொல்லத் தெரிந்த வட்ட அலுவலக எழுத்தரே இங்கே பாதி நிரலாளர். அவர் சொல்வதில் குழப்பம் இருந்தால், தளம் அதே குழப்பத்தை வேகமாக, மாநிலம் முழுவதும் செய்யும். விதிக்குள் அடங்காதவையும் இருக்கின்றன. மழையை நம்பிய மானாவாரி விவசாயியிடம் ஆண்டு வருமானம் கேட்கும் பெட்டி ஓர் எண்ணைத்தான் ஏற்கும். அந்த எண் சரியா என்பதை, அந்த ஆண்டு எந்தக் கண்மாய் நிரம்பியது, எது காய்ந்தது என்று அறிந்த வி.ஏ.ஓ.தான் சொல்ல முடியும். விண்ணப்பத்துக்கு வழி தெரிகிறது. முடிவெடுக்கும் பொறுப்பு இன்னமும் மேசைக்குப் பின்னால் இருப்பவருடையதுதான்.