உண்மை எப்போது வசையாகிறது?

வடசென்னையின் தொழிற்பகுதியான மணலியில் காற்றும் நீரும் கெட்டிருப்பது மறைக்க வேண்டிய செய்தி அல்ல. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, மிக மோசமாக மாசடைந்தவை என வகைப்படுத்திய 43இல் மணலியும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை பரவி மீனவர் படகுகளில் படிந்தது. இவற்றை எவ்வளவு காட்டமாகச் சொன்னாலும் தகும். ஆனால் அதே பேச்சு, "வடசென்னைக்காரர்களே சுத்தம் தெரியாதவர்கள்" என்று திரும்பினால் அது வசை. மணலி புதுநகர்வாசி புகைபோக்கியை நட்டவர் அல்லர், புகையைச் சுவாசிப்பவர். செயலைச் சுட்டும் சொல்லுக்குச் சான்று கேட்கலாம், செயலைத் திருத்தலாம். ஊரையும் பிறப்பையும் பழிக்கும் சொல்லில் இரண்டுக்கும் இடமில்லை.

நயமாகப் பேசினால் அநீதி மறைந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் கேட்பது நயம் அல்ல, துல்லியம். எந்தக் குழாய், எந்தக் கழிவு, யார் பொறுப்பு என்று கேட்பதைவிடக் கூர்மையான பேச்சு எது? நம் குற்றவியல் அவதூறுச் சட்டமும் உண்மை என்ற ஒன்றையே போதுமான காப்பாக ஏற்பதில்லை. அது பொதுநன்மைக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவரை இழிவுபடுத்தும் பேச்சால் பொறுப்பானவரே தப்பிக்கிறார். ஆகவே ஒளிவுமறைவின்றிப் பேசுங்கள். குற்றத்தின் மீது பேசுங்கள், அதைச் சுமப்பவர் மீது அல்ல.